மனநலக் காப்பகத்தில் 10 நாள், உலகைச் சுற்ற 72 நாள்... நிருபர் நெல்லி பிளையின் கதை!

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. உங்களை ஓர் ஆஸ்பத்திரி வார்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒன்றுமே இல்லை, நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா, எதிரே இருக்கும் டாக்டர் உங்களுக்கு மனநிலை சரியில்லை என்று எழுதிவிட்டார். இப்போ என்ன பண்ணுவீங்க?

அமைதியாக இருந்தால், பிரமை பிடித்து உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். கத்தினால், வெறி வந்துவிட்டது என்பார்கள். எனக்கு ஒண்ணும் இல்லைங்க என்று பொறுமையாக எடுத்துச் சொன்னால், இங்கே இருக்கிற எல்லாரும் இதைத்தானே சொல்றாங்க என்று சிரிப்பார்கள். கையில் போன் கிடையாது. வெளியே யாருக்கும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது.

1887-ம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் ஒரு பெண் இப்படி ஓர் இடத்துக்குள் தானாகவே போய் மாட்டிக்கொண்டார். வயது 23. வேலை, பத்திரிகை நிருபர். அதுவும் வேலை கிடைத்து முதல் அசைன்மென்ட்! அவர் பெயர் நெல்லி பிளை.

பெயரைக் கேட்டதும் நெல்லிக்காய் ஞாபகம் வருதா? எனக்கும் அப்படித்தான் வந்தது. ஜர்னலிசம் டிப்ளமோ படித்தபோது புலனாய்வு இதழியல் பாடத்தில் இந்தப் பெயர் ஒரே ஒரு வரியில் வந்துபோகும். உலகத்தை 72 நாளில் சுற்றிய பெண் நிருபர், அவ்வளவுதான். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பயணம் அவர் வாழ்க்கையிலேயே சுலபமான வேலைகளில் ஒன்று என்று!

14 வயதில் ஏறிய சாட்சிக் கூண்டு

நெல்லி பிளை என்பது புனைபெயர். இயற்பெயர் எலிசபெத் ஜேன் காக்ரன். 1864-ம் ஆண்டு மே 5-ம் தேதி, பென்சில்வேனியா மாகாணத்தில் காக்ரன்ஸ் மில்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஊர்ப் பெயரைக் கவனிச்சீங்களா? அப்பா மைக்கேல் காக்ரன் அங்கே மில் முதலாளி. ஊரில் பெரிய மனிதர். மற்ற குழந்தைகளுக்கு மங்கலான நிறத்தில் உடுத்திவிடும் காலத்தில், அம்மா இவருக்கு மட்டும் பிங்க் நிறத்திலேயே கவுன் போட்டுவிடுவாராம். அதனால் வீட்டில் செல்லப் பெயரே பிங்கி.

அந்தச் செல்லமெல்லாம் ஆறு வயதோடு முடிந்தது. அப்பா திடீரென இறந்துபோனார். உயில் எழுதிவைக்கவில்லை. எலிசபெத்தின் அம்மா அவருக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவிக்கு 10 பிள்ளைகள், இவர்கள் ஐந்து பேர். சொத்து ஏலத்துக்குப் போய், பங்கு பிரிந்து, பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு வந்தார்கள்.

குடும்பத்துக்கு ஓர் ஆண் துணை வேண்டுமே என்று அம்மா மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் குடிகாரர். அடி, மிரட்டல் என வீடு நரகமானது. அம்மா விவாகரத்துக்கு வழக்குப் போட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே ஒரு பெண் விவாகரத்து கேட்பது ஊரே வாய்பிளக்கும் விஷயம். கோர்ட்டில் கூண்டேறி, வீட்டுக்குள் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்ன சாட்சிகளில் ஒருவர், 14 வயது எலிசபெத். விவாகரத்து கிடைத்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. நடந்ததை நேரில் பார்த்தவர் வந்து சொன்னால்தான் நியாயம் கிடைக்கும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வாழ்ந்து தெரிந்துகொண்டார்.

டீச்சர் ஆகலாம் என்று 15 வயதில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு பருவம் முடிவதற்குள் ஃபீஸ் கட்டக் காசில்லை. படிப்பு அதோடு நின்றது. குடும்பம் பிட்ஸ்பர்க் நகரத்துப் பக்கம் குடிபெயர்ந்தது. அண்ணன்மாருக்கு வேலை கிடைத்தது. இவருக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் அமையவில்லை.

கோபத்தில் எழுதிய லெட்டர்... கையில் வந்த வேலை!

1885 ஜனவரி. 'பிட்ஸ்பர்க் டிஸ்பேட்ச்' என்ற நாளிதழில் ஒரு பத்தி வந்தது. எழுதியவர் எராஸ்மஸ் வில்சன் என்ற பிரபல பத்தியாளர். பெண்கள் எதற்கு லாயக்கு என்பதுதான் தலைப்பே. வீட்டைப் பார்த்துக்கொள்வதை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பெண்களை அதில் கண்டபடி விமர்சித்திருந்தார்.

வேலை தேடித் தேடி அலுத்துப்போயிருந்த 20 வயதுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்று என்றால் ஒரு நீளமான த்ரெட் போட்டிருப்பார். அன்று பேப்பரை எடுத்துக் கடிதம் எழுதினார். கீழே பெயருக்குப் பதில், தனிமையில் வாடும் அநாதைப் பெண் என்று கையெழுத்து.

கடிதத்தில் இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனாலும் ஆசிரியர் ஜார்ஜ் மேடன் அதில் இருந்த சூட்டைக் கவனித்தார். எழுதியவர் யார், வந்து பார்க்கவும் என்று பத்திரிகையிலேயே அறிவிப்புப் போட்டார். மறுநாளே எலிசபெத் ஆபீஸில் நின்றார். பத்தியாளருக்குப் பதிலாகக் கடிதத்தைப் பிரசுரிப்பதைவிட, அதே விஷயத்தைக் கட்டுரையாக எழுதித் தாருங்கள் என்று கேட்டார் மேடன். அப்பா இல்லாத, பணம் இல்லாத, அழகு என்று யாரும் கொண்டாடாத பெண்கள் என்ன செய்வார்கள், அவர்களுக்கு ஏன் ஆண்களுக்கு இணையான வேலை தரக் கூடாது என்று எழுதினார். அடுத்த கட்டுரை விவாகரத்து பற்றி. வேலை நிரந்தரமானது.

அப்போதெல்லாம் பெண்கள் பத்திரிகையில் சொந்தப் பெயரில் எழுதுவது கௌரவக் குறைச்சல். அதனால், ஸ்டீபன் ஃபாஸ்டர் என்பவர் எழுதிய ஒரு பிரபலமான பாட்டின் தலைப்பையே இவருக்குப் புனைபெயராக வைத்தார்கள். வைக்கும்போது எழுத்துப்பிழை வேறு. அந்தப் பிழையோடேயே அவர் உலகப் புகழ் பெற்றார். கூடுதல் தகவல்: கடிதம் எழுதத் தூண்டிய அதே எராஸ்மஸ் வில்சன், பின்னாளில் நெல்லிக்கு நெருங்கிய நண்பராகிவிட்டார்!

ஃபேஷன் பக்கம் வேணாம்... மெக்சிகோ போறேன்!

பிட்ஸ்பர்க் ஒரு தொழிற்சாலை நகரம். நெல்லி நேராகத் தொழிற்சாலைகளுக்குப் போனார். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள், எவ்வளவு கூலி, எப்படிப்பட்ட அறையில் தூங்குகிறார்கள் என்று எழுதினார். முதலாளிகளுக்குப் பிடிக்குமா? பத்திரிகைக்கு அழுத்தம் வந்தது. நெல்லியைத் தூக்கிப் பெண்கள் பக்கத்துக்குப் போட்டார்கள். பூக்கண்காட்சி, ஃபேஷன், விருந்துச் செய்திகள்.

அவருக்குச் சலித்துவிட்டது. 21 வயதில், அம்மாவையும் கூட்டிக்கொண்டு மெக்சிகோவுக்கு ரயில் ஏறினார். வெளிநாட்டு நிருபர்! சுமார் ஆறு மாதம் அங்கிருந்து மக்களின் வாழ்க்கையை எழுதி அனுப்பினார். அப்போது மெக்சிகோவை ஆண்டவர் சர்வாதிகாரி போர்ஃபிரியோ டியாஸ். அரசை விமர்சித்த உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஜெயிலில் போடப்பட்டதை நெல்லி எழுதியதும், அவருக்கும் கைது மிரட்டல் வந்தது. ஊர் திரும்பினார். திரும்பியதும், பத்திரிகைகளின் வாயை அடைத்து வைத்திருக்கிறார் டியாஸ் என்பதையும் எழுதினார்.

டிஸ்பேட்ச் மறுபடியும் கலை, நாடகம் என்று மென்மையான பக்கங்களையே கொடுத்தது. 1887-ல் ஒருநாள் நெல்லி ஆபீஸுக்கு வரவில்லை. நியூயார்க் போகிறேன் என்று வில்சனுக்கு ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பர்ஸ் தொலைந்த நாள்

நியூயார்க் அவரை வரவேற்கவில்லை. நாலு மாதம் வேலை இல்லை. எந்தப் பத்திரிகையின் வாசலையும் தாண்டி உள்ளே விடவில்லை. அப்போது ஒரு ஐடியா செய்தார் பாருங்க, அதுதான் நெல்லி! நியூயார்க்கின் பெரிய பத்திரிகை ஆசிரியர்கள் பெண் நிருபர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பிட்ஸ்பர்க் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதுவதாகச் சொல்லி, ஒவ்வோர் ஆசிரியராகப் போய்ப் பேட்டி எடுத்தார். வேலை கேட்டுப் போனால் திறக்காத கதவு, பேட்டிக்குத் திறந்தது. வந்த பதில்கள் மட்டும் பழைய பதில்கள்தான். பெண்களால் இந்த வேலை முடியாது.

பிறகு, கையில் இருந்த பணத்தோடு பர்ஸும் தொலைந்தது. வண்டிக்கூலிக்கு வீட்டுக்காரம்மாவிடம் கடன் வாங்கிக்கொண்டு, ஜோசப் புலிட்சர் நடத்திய 'நியூயார்க் வேர்ல்டு' அலுவலகத்துக்குப் போனார். வாசலில் தடுத்தவர்களிடம் பேசிப் பேசி, மணிக்கணக்கில் நின்று, நிர்வாக ஆசிரியர் ஜான் காக்கரிலைப் பார்த்தே விட்டார்.

ஐரோப்பாவிலிருந்து அகதிகளைப்போல் வந்து இறங்கும் ஏழைகளோடு கப்பலின் அடித்தட்டு வகுப்பில் பயணம் செய்து எழுதுகிறேன் என்றார் நெல்லி. காக்கரில் வேறொன்று கேட்டார். பிளாக்வெல் தீவில் இருக்கும் பெண்கள் மனநலக் காப்பகத்துக்குள் நோயாளியாகப் போக முடியுமா?

நியூயார்க் நகரத்தை ஒட்டி ஓடும் ஈஸ்ட் ரிவர் ஆற்றின் நடுவே இருக்கும் சின்னத் தீவு அது. ஜெயில், ஏழைகள் விடுதி, ஆஸ்பத்திரி, மனநலக் காப்பகம் என நகரம் யாரையெல்லாம் பார்க்க விரும்பவில்லையோ அவர்களையெல்லாம் அங்கே அனுப்பிவைத்தது. காப்பகத்தில் மட்டும் சுமார் 1,600 பெண்கள். அங்கே கொடுமை நடப்பதாகப் பேச்சு இருந்தது. ஆனால், உள்ளே போனவர்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர்கள்தான் மனநிலை சரியில்லாதவர்கள் ஆயிற்றே.

எப்படி வெளியே கொண்டுவருவீர்கள் என்று நெல்லி கேட்டார். அதற்கு ஆசிரியரிடம் தெளிவான திட்டம் எதுவும் இல்லை. முதலில் உள்ளே போ, பிறகு பார்க்கலாம். சரி என்றார்.

உள்ளே போவது இவ்வளவு ஈஸியா?

இரவு முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணிமைக்காமல் வெறித்துப் பார்க்கப் பயிற்சி எடுத்தார். நெல்லி பிரவுன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை எடுத்தார். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு மாதிரி இருக்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் விடுதிக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள்.

போலீஸ், கோர்ட், பெல்வியூ ஆஸ்பத்திரி. டாக்டர்கள் நாடி பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண்ணுக்குள் பார்த்தார்கள். சில கேள்விகள். அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக, மனநிலை சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். யார் இந்த மர்மப் பெண் என்று மற்ற பத்திரிகைகள் செய்தி வேறு போட்டன. பக்கத்து ஆபீஸ் நிருபர்தான் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்!

தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நெல்லி நடிப்பை நிறுத்திவிட்டார். வழக்கம்போல் பேசினார், வழக்கம்போல் நடந்துகொண்டார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெளிவாகப் பேசப் பேச, நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

அந்த 10 நாள்

முதல் ராத்திரியே குளியல். பனி போன்ற தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் கொட்டினார்கள். அதே தொட்டித் தண்ணீரில் ஒருவர் மாற்றி ஒருவர் குளிக்க வேண்டும். தண்ணீர் கலங்கிக் கெட்டியான பிறகுதான் மாற்றுவார்கள். தோல்நோய் இருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே துண்டு. ஈரம் காயாத உடம்போடு மெல்லிய உடையில் படுக்கை.

சாப்பாட்டுக்குக் காய்ந்த ரொட்டி, கெட்டுப்போன வெண்ணெய். நெல்லியின் ரொட்டியில் சிலந்தியே கிடந்தது. காலை 6 மணிக்கு ஒரு பெஞ்சில் உட்கார வைத்தால், இரவு 8 மணிவரை அங்கேயேதான். பேசக் கூடாது, நகரக் கூடாது, படிக்க ஒன்றும் கிடையாது. நல்ல மனநிலையில் இருப்பவரை இப்படி இரண்டு மாதம் உட்கார வைத்தால், அவர் நிஜமாகவே நோயாளி ஆகிவிடுவார் என்பதுதான் நெல்லியின் கணிப்பு. நர்ஸ்கள் நோயாளிகளைச் சீண்டி அழவைத்தார்கள், அடித்தார்கள், கழுத்தை நெரித்தார்கள். டாக்டரிடம் சொன்னால் நம்பவில்லை. சொன்னதற்குத் தனியாக அடி விழுந்தது. ராத்திரியில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பூட்டு. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நெல்லி கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

இதையெல்லாம்விட நெல்லியை உலுக்கியது வேறு. அங்கே இருந்த பல பெண்களுக்கு எந்த நோயும் இல்லை. ஒருவருக்கு ஜெர்மன் மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளரைக்கூட வைக்காமல் உள்ளே தள்ளியிருந்தார்கள். இன்னொருவர் வீட்டு வேலை செய்து செய்து உடம்பு முடியாமல் போனவர். இன்னொருவர், காய்ச்சலுக்குப் பிறகு ஓய்வெடுக்கும் இடத்துக்குப் போகிறோம் என்று நம்பி வந்தவர். ஏழை, தனி ஆள், ஊர் மொழி தெரியாது. இந்த மூன்றில் ஒன்று போதும், உள்ளே போய்விடலாம். வெளியே வரத்தான் வழி இல்லை.

பத்தாம் நாள் 'வேர்ல்டு' அனுப்பிய வக்கீல் வந்து அவரை அழைத்துப் போனார். வெளியே வந்த சந்தோஷத்தைவிட, மற்றவர்களை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோமே என்ற வேதனைதான் அவருக்கு அதிகம் இருந்தது. தனக்காக வந்த வக்கீல், அந்தப் பெண்களுக்காக வரப்போவதில்லையே!

நிருபர் சொன்னதும் நம்பினார்கள்

1887 அக்டோபரில் கட்டுரைகள் வெளியாயின. நகரமே ஆடிப்போனது. கிராண்ட் ஜூரி என்ற விசாரணைக் குழு நெல்லியைக் கூப்பிட்டு விசாரித்தது. அவரையும் அழைத்துக்கொண்டு தீவுக்கே போனது. ஆனால், விஷயம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. இவர்கள் போனபோது தரை பளபளத்தது, ரொட்டி நன்றாக இருந்தது. நெல்லி எழுதிய பெண்களில் சிலர் அங்கே இல்லவே இல்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்றே காப்பகம் ஒப்புக்கொள்ளவில்லை.

இத்தனைக்குப் பிறகும் கிராண்ட் ஜூரி நெல்லியைத்தான் நம்பியது. அவர் கேட்ட மாற்றங்களைப் பரிந்துரைத்தது. நகர நிர்வாகம் நிதியை உயர்த்தியது. பத்து லட்சம் டாலர் கூடுதலாக ஒதுக்கப்பட்டதாகத் தன் புத்தகத்தில் நெல்லி குறிப்பிடுகிறார். நிதியை உயர்த்தும் பேச்சு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், நகரத்தைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கட்டுரைகள்தான்.

இதில் ஒரு கசப்பான விஷயம் இருக்கு. அந்தப் பெண்கள் வருஷக்கணக்கில் சொன்னதையேதான் நெல்லியும் சொன்னார். அவர்கள் சொன்னபோது அது பிதற்றல். ஒரு நிருபர் சொன்னதும் அது செய்தி. நெல்லிக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் அடுத்தடுத்து அவர் தேடிப்போன எல்லாமே, யாருடைய பேச்சு எடுபடாதோ அவர்களுடைய இடமாகவே இருந்தது.

வேலைக்காரப் பெண்களை ஏமாற்றும் ஏஜென்சிகளுக்கு வேலை தேடும் பெண்ணாகப் போனார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கூலியாக உட்கார்ந்தார். பச்சிளங்குழந்தைகளை விற்பவர்களிடம் போய், விலை பேசிக் குழந்தையே வாங்கிக்காட்டினார். 1888-ல், நியூயார்க் சட்டமன்றத்தில் மசோதாக்களைக் காசு வாங்கிக்கொண்டு கவிழ்க்கும் எட்வர்ட் ஃபெல்ப்ஸ் என்ற பெரிய புரோக்கரிடம், மருந்து வியாபாரியின் மனைவியாகப் போய் நின்றார். எந்த உறுப்பினரை வாங்கலாம் என்று பெயர்ப்பட்டியலோடு அவர் விலை பேசியதை அப்படியே பத்திரிகையில் போட்டார்.

பொய் சொல்லி உள்ளே போவது சரியா என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய செய்தி அறைகளில் வேறு வழியே இல்லாதபோதுதான் இதை யோசிப்பார்கள். நெல்லிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பத்திரிகைகள் இளம்பெண் நிருபர்களை மாறுவேஷத்தில் அனுப்பிப் பரபரப்பு கிளப்பின. அதில் வெறும் வித்தையும் நிறைய இருந்தது. நெல்லியின் சிறந்த கட்டுரைகளில் மட்டும், மாறுவேஷம் முடிந்த பிறகும் மனதில் நிற்பவர்கள் அந்த மனிதர்கள்தான்.

ஒரே ஒரு பை... 72 நாள்!

இப்போ அந்தப் பிரபலமான பயணத்துக்கு வருவோம். ஜூல்ஸ் வெர்னின் நாவலில் ஒருவர் 80 நாளில் உலகைச் சுற்றுவார். நிஜத்தில் அதை முறியடிக்கிறேன் என்றார் நெல்லி. ஆபீஸில் தயங்கினார்கள். பெண் என்றால் துணைக்கு ஆள் வேண்டும், பெட்டி பெட்டியாகச் சாமான் வேண்டும், ஓர் ஆண் நிருபரை அனுப்பலாமே? அனுப்புங்கள், அதே நாளில் வேறு பத்திரிகைக்காகக் கிளம்பி அவரைத் தோற்கடிக்கிறேன் என்றார் நெல்லி. ஒரு வருஷம் கழித்து, சில நாள் அவகாசத்தில் கிளம்பச் சொன்னார்கள்.

1889 நவம்பர் 14. உடம்பில் ஓர் உடை, ஒரு கோட்டு, கையில் ஒரே ஒரு சின்னப் பை. லண்டன் வழியாக பிரான்ஸ் போய் ஜூல்ஸ் வெர்னையே வீட்டில் சந்தித்தார். இத்தாலி, சூயஸ் கால்வாய், ஏடன், பிறகு நமக்குப் பக்கத்திலேயே, கொழும்பு! டிசம்பர் 8-ம் தேதி கொழும்பு வந்தவர், கல்கத்தாவிலிருந்து வர வேண்டிய கப்பலுக்காக ஐந்து நாள் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் காத்திருந்தார். துறைமுகத்துக்கு எதிரே அந்த ஹோட்டல் இன்றும் இருக்கிறது. கண்டிக்கும் போய்ப் பார்த்தார். ஆனாலும் கண்ணெல்லாம் காலண்டர் மேல்தான்.

ஹாங்காங் போனதும்தான் தெரிந்தது, 'காஸ்மோபாலிட்டன்' பத்திரிகை எலிசபெத் பிஸ்லேண்ட் என்ற இன்னொரு பெண்ணை அதே நாளில் எதிர்த்திசையில் அனுப்பியிருக்கிறது என்று. இவருக்குத் தெரியாமலேயே ஒரு ரேஸ்! கடைசியில், 1890 ஜனவரி 25 அன்று 72 நாள், 6 மணி நேரம், 11 நிமிடங்களில் நெல்லி வந்து சேர்ந்தார். பிஸ்லேண்ட் நாலு நாள் கழித்து வந்தார். எல்லாம் கப்பலும் ரயிலும் மட்டுமே. விமானம் என்ற பொருளே அப்போது கிடையாது.

ஊரெல்லாம் நெல்லி பேச்சு. அவர் பெயரில் தொப்பி, பலகை விளையாட்டு. ஆனால், இந்தப் புகழ் இரண்டு விஷயங்களைப் பறித்துக்கொண்டது. ஒன்று, எல்லோருக்கும் அவர் முகம் தெரிந்துவிட்டது; இனி மாறுவேஷத்துக்கு வழியில்லை. இரண்டு, பத்திரிகை கொள்ளை லாபம் பார்த்தும் அவருக்குத் தனியாக எதுவும் தரவில்லை. மனசு வெறுத்து வேலையை விட்டார்.

பிடிவாதம் உண்டு, வீம்பு இல்லை

1893-ல் அதே பத்திரிகைக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் சிகாகோ அருகே புல்மேன் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பெரிய வேலைநிறுத்தம். அழகான வீடு கொடுத்த முதலாளிக்கு நன்றி இல்லாதவர்கள் என்ற நினைப்போடுதான் நெல்லியும் அங்கே போனார். வீடு வீடாக ஏறி இறங்கியதும் நிலைமை புரிந்தது. கூலியைக் குறைத்த கம்பெனி, வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. தொழிலாளி பக்கம் நின்று எழுதினார். தன் கருத்து தப்பு என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டார். எனக்கு நெல்லியிடம் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1895-ல், தன்னைவிடச் சுமார் 40 வயது மூத்த தொழிலதிபர் ராபர்ட் சீமனைத் திருமணம் செய்துகொண்டார். பால் கேன், பாய்லர் தயாரிக்கும் கம்பெனி. 1904-ல் கணவர் இறந்ததும் கம்பெனி முழுக்க நெல்லி கையில். பால் கேனுக்கும் குப்பைத்தொட்டிக்கும் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். தொழிலாளர்களுக்கு நூலகம், ஜிம் எல்லாம் கட்டிக்கொடுத்தார். தொழிற்சாலைப் பெண்களுக்காக எழுத ஆரம்பித்தவர் அல்லவா!

ஆனால், ஊரார் கணக்கையெல்லாம் தோண்டியவர், சொந்தக் கம்பெனியின் கணக்கு நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஊழியர்கள் பெருந்தொகையைச் சுருட்டிவிட்டார்கள். கம்பெனி திவாலானது. வழக்கு, கடன்.

பண உதவி தேடி 1914 ஆகஸ்ட்டில் ஆஸ்திரியாவுக்குப் போனார். முதல் உலகப் போர் வெடித்த நேரம். ஐம்பது வயதுப் பெண் என்ன செய்வார்? போர்முனைக்குப் போனார்! பதுங்குகுழிகளிலிருந்தும் ராணுவ ஆஸ்பத்திரிகளிலிருந்தும் எழுதி அனுப்பினார். 1919-ல்தான் ஊர் திரும்பினார்.

கடைசிக் காலத்தில் 'ஈவினிங் ஜர்னல்' பத்திரிகையில் பத்தி எழுதினார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வீடு தேடித்தருவது, வேலை இல்லாத பெண்களுக்கு வேலை பார்த்துத்தருவது என்று அந்தப் பத்தி ஓர் உதவி மையமாகவே மாறியது. பிரபல நிருபரின் மேஜைக்கு, பெயர் தெரியாதவர்களின் கடிதங்கள் குவிந்தன. 1885-ல் அவர் எழுதிய முதல் கடிதம் மாதிரியே.

1922 ஜனவரி 27-ம் தேதி நிமோனியா காய்ச்சலில் இறந்தார். வயது 57. புதைத்த இடத்தில் பெயர்க்கல்கூட இல்லை. 56 வருஷம் கழித்து, 1978-ல் நியூயார்க் பிரஸ் கிளப்தான் கல் வைத்தது.

அந்தத் தீவுக்கு இப்போது ரூஸ்வெல்ட் தீவு என்று பெயர். காப்பகத்தின் எட்டுமூலைக் கட்டடம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அது இன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முகப்பு. 2021-ல் தீவில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். அதில் நெல்லியின் முகம் மட்டுமல்ல, மற்ற பெண்களின் பெரிய முகங்களும் உண்டு. அவர் முதல் கட்டுரையின் தலைப்பையே அதற்குப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ஒரு கஷ்டத்தைச் சொல்லும்போது, இவங்க எப்பவும் இப்படித்தான், சும்மா மிகைப்படுத்துவாங்க என்று தோன்றினால், ஒரு நிமிஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களை நினைச்சுக்கோங்க. அவர்கள் சொன்னது எல்லாமே உண்மை. கேட்பதற்கு ஒருத்தர் உள்ளே போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.